றம்சீன் குடுத்துவிட்ட துண்டு

செத்தவீட்டுக்கு வீடியோ எடுக்கிறதெண்டால் வேற இடத்துச் சனம் ஒரு மாதிரிப் பாக்கும். கிளிநொச்சியில அப்பிடியில்லை. பாடை கட்ட ஆள் அனுப்பேக்கையே தில்லைநாதனுக்கும் ஆள் அனுப்புவினம். பிள்ளையள் கனடாவில, சுவிஸில, நோர்வேயில. அகதிக் கேஸ் முடியாமல், விசா இல்லாமல், தாய் தேப்பன்ர முகத்தைக் கடைசியாப் பாக்க வரேலாததுகள். அதுகளுக்கு அந்த வீடியோதான் செத்தவீடு.

தில்லைநாதன்ர கடை கண்டி றோட்டுக் கரையில. ரெண்டு அறை. முன்னறையில அவர், பின்னறையில அருந்ததி. அருந்ததி முப்பது வயசுப் பொம்பிளை, வெட்டி ஒட்டுற வேலையில அவரை விடக் கெட்டிக்காறி. அது அவருக்கும் தெரியும், வெளியில சொல்லமாட்டார். ஆளுக்கொரு கொம்பியூட்டர் இருந்தது. ஆனால் ரெண்டுக்கும் இடையில ஒரேயொரு டிஸ்க். இவர் வெட்டினதை அதில ஏத்தி, கழட்டி, பின்னறைக்குக் கொண்டுபோய்க் குடுக்கவேணும். அவா பேர் எழுதிப் பாட்டுப் போட்டுத் திருப்பிக் கொண்டுவருவா. ஒரு நாளைக்குப் பத்து நடை.

"அண்ணை, நாங்கள் வீடியோ செய்யிறமோ, டிஸ்க் காவுறமோ?" எண்டு ஒருநாள் அவா கேட்டா. அதுக்குப் பிறகுதான் அவர் வவுனியாவுக்கு வெளிக்கிட்டது. ரெண்டாயிரத்து ஐஞ்சாம் ஆண்டு, ஐப்பசி.

வவுனியாவில றம்சீன் எண்டு ஒரு பெடியன் சின்னக் கொம்பியூட்டர் கடை வைச்சிருந்தான். சொந்த இடம் முல்லைத்தீவு. தொண்ணூறில முஸ்லிம் சனத்தை வடக்கால கலைச்ச நேரம் சின்னனிலயே குடும்பத்தோட வெளிக்கிட்டு, புத்தளத்தில வளந்து, சமாதானம் வந்தாப்பிறகு இஞ்சால வந்தவன். விலை சொல்ல முதல் கேள்வி கேக்கிற யாவாரி அவன். மாசத்துக்கு எத்தினை மணித்தியாலம் எடுக்கிறியள், கறண்டா ஜெனறேற்றரா, ஒரே நேரத்தில ரெண்டு பேரும் வேலை செய்யவேணுமா எண்டெல்லாம் கேட்டுப்போட்டு, கடைசியா, "இருக்கிறதுக்குள்ள எது அழிஞ்சால் திருப்பி எடுக்கேலாது அண்ணை?" எண்டான்.

தில்லைநாதன் சிரிச்சார். "தம்பி, எதைத் திருப்பி எடுக்கிறது? கட்டின தாலியைக் கழட்டி இன்னொருக்காக் கட்டச் சொல்லவோ?"

அப்ப உங்களுக்கு இதுதான் சரியெண்டு ஒரு பெட்டியைக் காட்டினான். உள்ளுக்க ரெண்டு டிஸ்க். ஒரு வயரில ரெண்டு கொம்பியூட்டரும் அதோட கதைக்கும், ஒண்டையும் காவத் தேவையில்லை. இதை விட மலிவான வழியும் இருக்கு, ஒரு பழைய கொம்பியூட்டரில பெரிய டிஸ்க் ஒண்டைப் பூட்டி நடுவில வைக்கலாம், ஆனால் அது செத்தால் எல்லாம் செத்துது எண்டான். இந்தப் பெட்டி ஒரு படத்தை ரெண்டு டிஸ்கிலையும் எழுதும். ஒண்டு போனாலும் மற்றதில இருக்கும்.

"அப்ப ரெண்டு டிஸ்க் வாங்கி, ஒரு டிஸ்கின்ர இடந்தானோ எனக்கு?"

"ஓம் அண்ணை. மற்றது காவலுக்கு."

தில்லைநாதன் வாங்கினார். ஓமந்தை ஆமிச் சோதனைச் சாவடியில பெட்டியைக் கழட்டு, பூட்டு எண்டு அரைநாள் மறிச்சு வைச்சிருந்துதான் விட்டவங்கள். ஆனால் வயரைக் கொழுவின அண்டைக்கு அருந்ததி பின்னறையில இருந்தபடியே அவர் வெட்டின படத்தைத் திறந்து, கதவால எட்டிப் பாத்துக் கையைத் தட்டினா.

தை பிறந்தது, கலியாணங்கள் தொடங்கிச்சுது. வீடியோ எண்டது இடத்தை விழுங்குற சாமான். ஒரு கிழமைக்குள்ள பெட்டி முட்டிப்போச்சு. முட்டின அண்டைக்குத் தில்லைநாதனுக்கு அந்தக் 'காவலுக்கு' எண்ட சொல்லு மண்டைக்குள்ள குடையத் தொடங்கிச்சு. ஒரு டிஸ்க் முழுக்கச் சும்மா கிடக்குது எண்டுதான் அவருக்குப் பட்டது.

அருந்ததி சாப்பிடப் போன நேரமாப் பாத்து, உள்ளதையெல்லாம் கொம்பியூட்டர்களுக்கு மாத்தி வைச்சுப்போட்டு, கொம்பியூட்டரில பெட்டியின்ர செற்றிங் பக்கத்தைத் திறந்தார். எல்லாம் இங்கிலிஷ். ரெண்டு வட்டம் இருந்தது, ஒண்டில புள்ளி. புள்ளியை மற்ற வட்டத்துக்கு மாத்தினார். சிவப்பு எழுத்தில நாலு வரி வந்தது. அவருக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. அருந்ததி வந்தாப்பிறகு கேட்டிருக்கலாம். கேட்டால் முதலாளிக்குத் தெரியாதெண்டு ஆகிடுமே. 'யெஸ்' எண்டதை அமத்தினார். கொஞ்ச நேரத்தால பாத்தால் இடம் இரட்டிப்பு.

நெஞ்சு நிமிந்துபோச்சு. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில ஐஞ்சாறு பேருக்கு நடுவில, றம்சீன் தன்னைப் பேய்க்காட்டப் பாத்தவன், அரைவாசி இடத்தை ஒளிச்சு வைச்சுத்தான் வித்தவன், நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டு சொன்னார். "அவங்கட யாவாரம் தெரியுந்தானே" எண்டு ஒரு சொல்லும் சேத்துச் சொன்னார். எல்லாரும் சிரிச்சவை. ஓமந்தைக்கு மினிபஸ் ஓடுற யோகநாதனும் அதில இருந்தவர்.

நாலாம் நாள் யோகநாதன் பஸ்ஸை நிப்பாட்டி ஒரு துண்டைக் குடுத்திட்டுப் போனார். கொப்பியில கிழிச்ச தாள். றம்சீன்ர எழுத்து.

'அண்ணை, நீங்கள் சொன்னது காதில விழுந்தது. அது பரவாயில்லை. ஆனால் பெட்டியை மாத்தியிருந்தால், இனி ஒரு டிஸ்க் செத்தாலும் ரெண்டிலையும் உள்ளது போகும். திருப்பி மாத்துங்கோ. மாத்தும்வரைக்கும் ரேப்புகளை அழிக்காதேங்கோ.'

தில்லைநாதன் அதை மூண்டு தரம் வாசிச்சார். விளங்காமல் இல்லை, விளங்கிச்சுது. ஆனால் திருப்பி மாத்தினால் அருந்ததிக்குச் சொல்லவேணும். தேத்தண்ணிக் கடையில சிரிச்ச வாயள் இனித் தன்னைப் பாத்துச் சிரிக்கும். கலியாண மாசம் முடியட்டும் எண்டு துண்டை மேசை லாச்சிக்குள்ள, பழைய கமெரா பற்றறிகளுக்குக் கீழ தள்ளிவிட்டார்.

ரேப்பை அழிக்காமல் இருக்கிறதெண்டதும் லேசான காரியமில்லை. கமெராவுக்குப் போடுற அந்தச் சின்ன ரேப் ஓமந்தையால எண்ணித்தான் வரும். அதால கிளிநொச்சியில வீடியோ எடுத்த ஆக்கள் எல்லாருக்கும் ஒரே பழக்கம். படத்தைக் கொம்பியூட்டருக்கு ஏத்தினதும் அதே ரேப்பில அடுத்த வீட்டை எடுக்கிறது. ஒரு ரேப்பில பத்துக் குடும்பம் வந்து போகும்.

பங்குனியில அக்கராயனில மீனம்மா எண்ட கிழவி செத்துப்போனா. மகள் கமலேஸ்வரி ஆள் அனுப்பினா. ஒரே மகன் நிரோஜன் நோர்வேயில, கேஸ் இன்னும் முடியேல்லை. கொள்ளி வைக்கவேண்டிய பிள்ளை. தில்லைநாதன் விடியத் தொடங்கிச் சுடலை வரைக்கும் மூண்டு மணித்தியாலம் எடுத்தார். நிரோஜனுக்கு எண்டு முகத்தைக் கிட்டவாக் கனநேரம் பிடிச்சார். கமலேஸ்வரி படலையோட நிண்டிட்டா, பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லையே. கமெராவோட வெளிக்கிட்டவரின்ர கையைப் பிடிச்சு, அங்க நடக்கிறதையும் வடிவா எடுங்கோ, நானும் அதிலதான் பாக்கவேணும் எண்டா.

இஞ்சத்தை வழக்கப்படி செத்தவீட்டையும் முப்பத்தோராம் நாளையும் சேத்துத்தான் ஒரு டிவிடியாக் குடுக்கிறது. அதால படம் பெட்டிக்குள்ள ஒரு மாசம் கிடந்தது. அந்த மூண்டு ரேப்பையும் என்ன செய்யிறதெண்டு அருந்ததி கேட்டா. பெட்டிக்குள்ள கிடக்குத்தானே, அடுத்த வேலைக்குப் போடுங்கோ எண்டார் தில்லைநாதன். அதுகளில ஒரு பிள்ளை பெரிசான சாமத்தியவீடு ஏறிச்சுது.

முப்பத்தோராம் நாள் முடிஞ்சு ரெண்டாம் நாள், சேத்து வெட்டுவமெண்டு இருந்தால் பெட்டிக்குள்ள டக், டக், டக் எண்டு சத்தம். நிப்பாட்டிப் போட்டுப் பாத்தினம், குளிர விட்டுப் பாத்தினம். பெட்டி ஒண்டையும் காட்டேல்லை. பதினெட்டு வீட்டு நல்லது கெட்டது அதுக்குள்ள. மற்ற ஆக்களுக்கு முழுசாயோ அரைகுறையாயோ ஒரு கொப்பி போயிருந்தது. மீனம்மாவுக்குத்தான் ஒண்டுமில்லை.

அருந்ததி கதிரையில இருந்து எழும்பேல்லை. "றம்சீன் தம்பி சொன்னவர் எண்டியள், ஒண்டு போனாலும் மற்றதில இருக்குமெண்டு. அதை நம்பித்தானே நான் அந்த ரேப்புகளை அழிச்சனான். என்ர கையாலதானே அண்ணை அழிச்சனான்."

அந்த இடத்தில தில்லைநாதன் சொல்லியிருக்கலாம். "ம்" எண்டார். அவ்வளவுதான்.

கமலேஸ்வரிக்கு வேற விதமாச் சொன்னார். வவுனியாவில வாங்கின பெட்டி, வித்தவன் பழுதைத் தலையில கட்டிவிட்டிட்டான். கமலேஸ்வரி அழேல்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி கோல் எடுப்பான், அவனுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது எண்டு கேட்டா. பிறகு, அந்தப் பெட்டியை வித்தவனை நான் பாக்கவேணும், கூட்டிக்கொண்டு போங்கோ எண்டா. வேண்டாம் அக்கா, தூரம், ஓமந்தையில வெயிலுக்க நிக்கவேணும் எண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தார். வெள்ளிக்கிழமை விடிய அவா கடை வாசலில வந்து நிண்டா.

வெளிக்கிட முதல் தில்லைநாதன் லாச்சியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சார். தான் இல்லாத நேரம் அருந்ததி லாச்சிக்குள்ள பற்றறி தேடுவா எண்ட பயம். ஒளிக்கிறதுக்குத்தான் கொண்டுபோனார்.

யோகநாதன்ர பஸ்ஸில ஓமந்தை வரைக்கும், அங்கால வேற பஸ். வழி முழுக்க அவருக்கு ஒரே நினைப்பு. றம்சீன் என்னைக் கண்ட உடனே கேட்டுப்போடுவான், மாத்தினீங்களோ எண்டு. என்ன பதில் சொல்லுறது? பெட்டி தன்பாட்டில மாறிப்போச்சு எண்டு சொல்லலாமோ எண்டு கூட யோசிச்சார்.

றம்சீன் கேக்கேல்லை. செத்த டிஸ்கைக் காதோட வைச்சுப் பாத்தான். மற்றதைத் தன்ர கொம்பியூட்டரில கொழுவினான். அரைமணித்தியாலம் அதோட மினக்கெட்டான். கடைசியா நிமிந்து தில்லைநாதன்ர முகத்தை ஒருக்காப் பாத்தான். அவனுக்கு எல்லாம் விளங்கீற்றுதெண்டு அவருக்கு விளங்கிச்சு.

"வராது அண்ணை" எண்டான். "ஒவ்வொரு படமும் துண்டு துண்டா ரெண்டிலையும் பிரிஞ்சு கிடக்கு. ஒரு பாதியை வைச்சு ஒண்டும் செய்யேலாது."

கமலேஸ்வரி ஏசத் தொடங்கினா. சத்தம் போடேல்லை, அதுதான் கூடச் சுட்டது. இப்பிடிப் பழுதுச் சாமானை வித்தால் உங்களுக்கு நித்திரை வருமோ தம்பி எண்டா. என்ர தாயைச் சுடலையில கொண்டுபோய் வைச்சதை நானும் காணேல்லை, பெத்த மகனும் காணேல்லை எண்டா. றம்சீன் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கொண்டு நிண்டான். பிறகு கதிரையை இழுத்து அவாவை இருக்கச் சொன்னான்.

"அக்கா, எங்கட வாப்பாட ஒரு படங்கூட எங்களிட்ட இல்லை. தொண்ணூறாம் ஆண்டு உடுத்த உடுப்போட வெளிக்கிட்டது. படமெல்லாம் முல்லைத்தீவு வீட்டு அலுமாரிக்குள்ள. அவர் புத்தளத்தில மௌத்தாகி, அங்கயே அடக்கினது. எனக்கு இப்ப அவர்ர முகம் சரியா வராது. அதாலதான் வாற ஆக்கள் எல்லாருக்கும், என்ன போனாலும் ரெண்டா வையுங்கோ எண்டு சொல்லுறனான்." பிறகு, "என்ர கடைச் சாமான்தானே. என்னை ஏசுங்கோ, பரவாயில்லை" எண்டான்.

அவன் காட்டிக்குடுக்கப் போறேல்லை. தில்லைநாதன் தப்பீற்றார். பேசாமல் டிஸ்குகளைச் சுத்திக்கொண்டு பஸ் ஏறினால் முடிஞ்சுது, ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் தேத்தண்ணிக் கடையில தான் சிரிச்ச சிரிப்புத் தன்ர காதுக்கே கேட்டது. பொக்கற்றுக்குள்ள கையை விட்டு, அந்தத் துண்டை எடுத்துக் கமலேஸ்வரிக்கு முன்னால மேசையில வைச்சார்.

"அக்கா, இதை வாசியுங்கோ. தைமாசம் வந்தது. அம்மா சாக முதல்."

கமலேஸ்வரி வாசிச்சா. திருப்பி வாசிச்சா.

"நான்தான் மாத்தினனான். இவர் மாத்தவேண்டாமெண்டு எழுதி விட்டவர். நான் இவரைக் கள்ளன் எண்டு ஊரெல்லாம் சொன்னனான். ரேப்பை அழிக்கச் சொன்னதும் நான்தான்."

றம்சீன் மற்றப் பக்கம் திரும்பி வயரைச் சுத்தத் தொடங்கினான். கமலேஸ்வரி துண்டை மடிச்சுக் கைப்பைக்குள்ள வைச்சா. அவனிட்ட, "தம்பி, குறை நினையாதேங்கோ" எண்டா. தில்லைநாதனை ஏசேல்லை. ஏசியிருந்தால் சுகமாயிருந்திருக்கும். திரும்பி வரேக்க பஸ்ஸில பக்கத்துச் சீற் வெறுமையாக் கிடந்தது. அவா நாலு சீற் முன்னுக்குப் போய் இருந்தா. கிளிநொச்சியில இறங்கினாப்பிறகுதான் வாய் திறந்தா.

"ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ரெலிபோன் கொமினிக்கேசன் கடைக்கு வாங்கோ. தம்பிக்கு நீங்களே சொல்லுங்கோ."

சனிக்கிழமை அருந்ததிக்குச் சொன்னார். "அந்த 'ம்' ஐ நான் மறக்கமாட்டன் அண்ணை" எண்டுமட்டும் அவா சொல்லிப்போட்டுப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினா.

ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் அறைக்குள்ள ரெண்டு பேர் நிக்க இடமில்லை. கமலேஸ்வரி கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு வாசலில நிண்டா. மணி அடிச்சது. தில்லைநாதன் எடுத்தார். தான் ஆரெண்டு சொன்னார். பெட்டியைச் சொன்னார், துண்டைச் சொன்னார், ஒண்டையும் விடேல்லை. நிரோஜன் ஏசப்போறான் எண்டு காத்துக்கொண்டு நிண்டார்.

"அண்ணை, நீங்கள் கிட்ட நிண்டு எடுத்தனீங்கள்தானே?"

"ஓம் தம்பி."

"அம்மாவுக்கு என்ன நிறச் சீலை கட்டியிருந்தது?"

தில்லைநாதன் வாயைத் திறந்தார். மூண்டு மணித்தியாலம் அந்த மனிசியைக் கமெராக் கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டவர். வெளிச்சம் காணுமோ எண்டு பாத்தவர், பற்றறி இருக்கோ எண்டு பாத்தவர், ஆரும் குறுக்கால வருகினமோ எண்டு பாத்தவர். சீலையைக் காணேல்லை. மண்ணிறம் எண்டு சொல்லலாம். மஞ்சள் எண்டும் சொல்லலாம். அங்க இருக்கிற பெடிக்குத் தெரியவா போகுது? சொல்லு நாக்கு நுனிவரைக்கும் வந்திட்டுது.

"தெரியேல்ல தம்பி" எண்டார். "நான் பாக்கேல்லை. பொறுங்கோ, அக்காட்டைக் கேக்கிறன்."

திரும்பினார். கமலேஸ்வரி அவரைப் பாக்காமல் கையை நீட்டி றிசீவரை வாங்கினா.

"பச்சையடா" எண்டா. "நீ முதல் சம்பளத்தில அனுப்பின காசில எடுத்தது."