பேட்டரிக்குப் பின்னால்

கடலோரச் சின்னச் சாலைகளில் தனியாக பைக் ஓட்டிக்கொண்டு நாலைந்து நாள் சுற்றிவிட்டு வருகிறேன் என்று அவள் சொன்னபோது, கணவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "சரி, போயிட்டு வா" என்றார். அதுவே உறுத்தியது. அவள் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையிலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்தாலே யாரு, எதுக்கு என்று குடைந்தெடுக்கிற மனிதர்.

வண்டியை அண்ணன்தான் தன் மெக்கானிக் ஷெட்டில் சர்வீஸ் பண்ணிக் கொடுத்தான். சாவியைக் கொடுத்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளம்பிய மறுநாள் மதியம், ஆள் நடமாட்டமில்லாத ஒரு பாலத்தில் வண்டியை நிறுத்தி, ஆறு கடலில் சேருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கூப்பிட்டான்.

"என்ன, பாலத்துலயே நிக்கிற? வண்டி மக்கர் பண்ணுதா?"

"பாலத்துல நிக்கிறேன்னு யார் சொன்னா?"

"காத்து பலமா கேட்டுச்சு. குத்துமதிப்பா சொன்னேன்" என்று வைத்துவிட்டான்.

காலையிலிருந்து ஒரு வெள்ளைக் கார் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இப்போதும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மர நிழலில் நின்றது. ஆள் வைத்துப் பார்க்கிறார்களோ?

வண்டியைக் கிளப்பி, உப்பளங்களுக்கு நடுவே போகும் மண் பாதையில் சட்டென்று திருப்பினாள். பின்னாலேயே வந்த கார் அவளைக் கடந்து நேராகப் போய்விட்டது. பின் சீட்டில் ஒரு குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போது கணவரிடமிருந்து மெசேஜ். 'மண் ரோட்டுல பாத்துப் போ.'

உப்புக் குவியல் ஒன்றின் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, சீட்டைக் கழற்றினாள். பேட்டரிக்குப் பின்னால், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு ஜி.பி.எஸ். டப்பா. புது டேப் சுற்றியிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள்.

"இதப் பிடுங்கினா வண்டி ஓடுமா?"

எதை என்று அவன் கேட்கவில்லை. "ஓடும்."

"யார் வைக்கச் சொன்னா?"

"மாப்பிள்ளைதான். பாதுகாப்புக்குன்னாரு."

"பாதுகாப்புக்கு மட்டுமா?"

"நீ யாரையோ பாக்கப் போறியோன்னு அவருக்கு ஒரு இது."

"உனக்கு?"

"வண்டில பெட்ரோல் இருக்கா?" என்று அவன் பேச்சை மாற்றினான். கணவர் செய்ததைவிட அதுதான் சுருக்கென்று தைத்தது.

வயரைப் பிடுங்கினாள். கணவர் உடனே கூப்பிட்டார். "என்னாச்சு, எங்க இருக்க?" குரல் குழைந்தது.

"இவ்வளவு நேரம் தெரிஞ்சுதுல்ல? யாரப் பாக்கப் போறேன்னு என்கிட்டயே கேட்டிருக்கலாம். யாரையும் பாக்காம கொஞ்ச நாள் இருக்கத்தான் வந்தேன்."

"தப்பா எடுத்துக்காத..."

அவள் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஒரு துறைமுக ஊரில் அறை எடுத்தாள். கதவைத் தாழிட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாள், தலையணையைத் தூக்கிப் பார்த்தாள், மேலே மின்விசிறியைக்கூட உற்றுப் பார்த்தாள். பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

முகம் கழுவிக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வருவேன். அந்த வீட்டுக்கு இல்ல."

"நம்ம வீட்டுக்கு வந்துடு."

"அங்கயும் இல்ல" என்றாள்.