மறிக்கப்பட்டவர்

1.

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் எலிசா. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், உடுப்புத் தோய்க்கும் கடையில், இயந்திரம் சுற்றி முடியும்வரை சொன்னார். "எழுதுங்கோ. ஆனா என்ரை மனுசனைக் கெட்டவராக்கிப் போடாதேங்கோ." அந்த நிபந்தனையோடு ஆரம்பித்தேன்:

'கசினோவின் விளக்குகள் ஆற்றுநீரில் நட்சத்திரங்களாக—'

(வேண்டாம். எமிலியானுஸ் அந்த ஆற்றை ஒருநாளும் பார்த்ததில்லை. பேருந்தால் இறங்கினால் நேரே காசு போடும் இயந்திரத்துக்குத்தான்.)

2.

எலிசாவின் கணவர் எமிலியானுஸ், டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குபவர். 2005 வைகாசியில், மகள் தேவாலயத்தில் முதல்நன்மை எடுத்த நாள் விருந்திலிருந்து நழுவிக் கசினோவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கேக் வெட்டியாகிவிட்டது. அடுத்த கிழமை எலிசாவையும் கூட்டிக்கொண்டு போய், இனித் தன்னை உள்ளே விடவேண்டாம் என்று தானே எழுதிக்கொடுத்தார். கேட்பவர்களை அப்படி மறிக்க அங்கே ஒரு திட்டம் இருந்தது. முகத்தைப் படம் பிடித்தார்கள். அதை ஓர் அவமானக் காட்சியாக எழுதத்தான் நினைத்தேன். எலிசா சொன்னது வேறு: "அண்டைக்குத்தான் ஆள் நித்திரை கொண்டவர்."

ஆலோசனைக்கும் போனார். அது ஒரு நோய் என்று அங்கே ஒரு பெண் பிரெஞ்சில் விளக்கினாள். பிரெஞ்சில் அதை அவரால் நம்ப முடிந்தது. தமிழில் அவரிடம் இருந்த சொல் சூது மட்டுமே. ஆகவே தமிழில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

3.

அடுத்த கோடையில் எலிசாவின் தமையன் அம்புறோஸ் ரொறன்ரோவிலிருந்து குடும்பத்தோடு வந்தார். அவருடைய திருமண வெள்ளிவிழாச் சாப்பாடு கசினோவின் உணவகத்தில்.

"நீங்கள் நில்லுங்கோ. காய்ச்சல் எண்டு சொல்லுறன்," என்றார் எலிசா. எமிலியானுஸ் கேட்கவில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு யார் முகத்தை ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள்?

வாசல் காவலாளி ஞாபகம் வைத்திருந்தான். எலிசாவோடு ஒட்டி நடந்து வந்தவரை மரியாதையாக, தணிந்த குரலில், பிரெஞ்சில் மறித்தான். அம்புறோசுக்குப் பிரெஞ்சு தெரியாது.

"என்னவாம் மச்சான்?"

(இந்த இடத்தில் எமிலியானுசைப் பேசவைக்கப் பலமுறை முயன்றேன். 'மச்சான், நான்—' அதற்கு மேல் வரவில்லை.)

எலிசா முந்திக்கொண்டார். "அவரை இல்லை அண்ணை, என்னை. நான்தான் இஞ்சை வந்து விளையாடிப் பழுதாப்போனனான்."

அம்புறோஸ் தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளையை வைச்சுக்கொண்டு, பொம்பிளை நீ?" பிறகு எமிலியானுசின் தோளில் கைவைத்தார். "நீர் பாவம் மச்சான்."

எமிலியானுஸ் அந்தக் கையை விலக்கவில்லை.

4.

அதன்பின் அவர் கசினோப் பக்கம் போகவில்லை. ஆலோசனைப் பெண்ணிடம் காவலாளியைப் பற்றிச் சொன்னார். தோளில் இருந்த கையைப் பற்றிச் சொல்லவில்லை.

அம்புறோஸ் ஞாயிறுகளில் தொலைபேசி எடுத்துத் தங்கைக்குப் புத்தி சொல்வார். "ஓம் அண்ணை, இனிப் போகமாட்டன்" என்பார் எலிசா. பக்கத்துக் கதிரையில் எமிலியானுஸ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

ஒரு முடிவு எழுதினேன்: அவர் தொலைபேசியைப் பறித்து உண்மையைச் சொல்கிறார். அம்புறோஸ் நம்பவில்லை. "அவளைக் காப்பாற்றப் பொய் சொல்லாதையும்." கிழித்துவிட்டேன்.

"நீங்களே சொன்னால் என்ன?" என்று எலிசாவைக் கேட்டேன். உடுப்பு மடித்தபடியே சொன்னார்: "நான் சொன்னா எனக்குத்தான் லேசாகும். அவருக்கு ஆகாது."

5.

(இது முழுக்க என் கற்பனை.)

ஞாயிற்றுக்கிழமை. தொலைபேசி அடிக்கிறது. எலிசா குசினியில், கையெல்லாம் மா. "ஒருக்கா எடுங்கோ," என்கிறார்.

எமிலியானுஸ் எடுக்கிறார்.

"எப்பிடி மச்சான்? அவள் இப்ப திருந்திட்டாளோ?"

அடுத்த வரி என்னுடையதல்ல. எமிலியானுஸ் சொல்வதற்கு ஒரு பதிலை, வாசிக்கிற நீங்களே கொடுங்கள், விரைவாக. குசினியில் எலிசா மா குழைப்பதை நிறுத்திவிட்டார்.