போன வருஷத்து மேடை

காலை பத்தே காலுக்கு மின்சாரம் வந்தது. அப்சானா கணினியைத் திறந்தாள். எதிர் நாற்காலியில் ஆர்த்திகா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். சோழவந்தானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

ஆர்த்திகா நாடக நடிகை. கோயில் திருவிழாக்களில் அம்மன் வேடம் கட்டுவாள். மாவட்டத்துக் கலைஞர்களை ஒரே இணையதளத்தில் சேர்க்கும் வேலையை அப்சானாவின் கம்பெனி ஒப்பந்தம் எடுத்திருந்தது. எந்த ஊரில் என்ன கலை, யாருக்கு என்ன உதவி என்று அதிகாரிகள் பார்த்துத் திட்டமிட வேண்டும். பதிவு முகாமில் ஆர்த்திகாவின் விவரங்களை டைப் செய்தவள் அப்சானாதான்.

“சாதியக் கேட்டீங்க. எதுக்குக்கான்னேன். உதவித்தொகைக்குன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“இப்ப ஊரு பூராம் போன்ல பாக்குது.”

மேற்கே ஓர் ஊரில் பங்குனித் திருவிழா. மூன்று வருடமாக அங்கே அவள்தான் அம்மன். நாடகம் முடிந்ததும் பெண்கள் கைக்குழந்தைகளை அவள் காலடியில் போடுவார்கள். இந்த வருடம் விழாக் கமிட்டித் தலைவர் உக்கிரபாண்டி போன் செய்தார். நாடகக் குழு வரலாம், அவள் வரவேண்டாம்.

“ஏமாத்திட்டியேன்னு கேக்குறாருக்கா. நான் எங்க ஏமாத்துனேன்? கால்ல விழுகும்போது கேட்டிருக்கலாம்ல.”

அப்சானா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். ஆர்த்திகா தொடவில்லை.

“மேடையக் கழுவி விட்டாகளாம். மஞ்சத்தண்ணி ஊத்தி. போன வருஷம் நான் ஆடுன மேடைய.” சிரித்தாள். “வெயிலு, மழை எல்லாம் பாத்த சிமெண்டு. இன்னும் நான் ஒட்டிக்கிட்டிருந்தேன்போல.”

அப்சானா தளத்தில் அவளுடைய பக்கத்தைத் திறந்தாள்.

“சாதியக் காட்டுற அந்தப் பட்டன மட்டும் எடுத்து விடுங்கக்கா. சித்திரைக்கு நாலு ஊரு பேசியிருக்கு. அவுக இன்னும் பாக்கல.”

அப்சானா மேனேஜர் பீமாராவின் அறைக்குப் போனாள். தளத்தை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தை அவர் திறந்து வைத்திருந்தார். கலை வாரியாகத் தேடலாம், ஊர் வாரியாகத் தேடலாம். தேடியவர்கள் சொற்பம். எல்லோரும் ‘சமூகம்’ என்ற பட்டனையே அழுத்தியிருந்தார்கள்.

“பாத்தியாம்மா? ஜனங்களுக்கு என்ன வேணும்னு டேட்டா சொல்லுது. அத மேல கொண்டாந்து பெருசாப் போடு.”

“அது உள்ளுக்குள்ள இருக்க வேண்டிய விவரம் சார். வெளிய விட்டதே தப்பு.”

“எடுத்தா கூட்டம் போயிரும். இதப் பாத்துட்டுத்தான் பக்கத்து மாவட்டத்துல கூப்பிட்டிருக்காங்க.” அவர் வாயில் பால்கோவா இருந்தது. டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். “எடுத்துக்க.”

அவள் டப்பாவைத் திருப்பித் தள்ளினாள். வெளியே வந்தாள்.

இருக்கையில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், பட்டனை நீக்கினாள். ஆர்த்திகா தன் போனில் தளத்தைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

“போயிருச்சுக்கா.”

பாட்டிலை எடுத்துப் பாதி குடித்தாள்.

மேசை மேலிருந்த உதவி எண் போன் அடித்தது. அப்சானா வழக்கம்போல ஸ்பீக்கரைப் போட்டாள். வயதான குரல். பிரியமான குரல்.

“தாயி, நல்லாருக்கியா? சித்திரைத் திருவிழாவுக்கு நாடகம் பேசியிருக்கோம். ஒங்க சைட்டுல அந்தப் பட்டன் இப்பத்தான் காணாமப் போச்சு. அதுனால என்ன, நீயே பாத்துச் சொல்லிரு. சோழவந்தான் ஆர்த்திகான்னு ஒரு புள்ள. அது என்ன ஆளுக?”