ஊசி இல்லாத பூட்டு

...எப்படிக் கூட்டி வாசித்தாலும் அதே பொருள்தான் வருகிறது, விரலை வரியின் கீழே வைத்து, எழுத்து எழுத்தாக, நாற்பது வயதில் இந்த நாட்டு மொழி எழுத்துப் பழகியவனின் வேகத்தில். தொய்யன் நிலையத்தில் தொடங்கினேன், ரயில் லின்டெருட் வந்துவிட்டது, நான் இன்னும் தொழிற்சாலைக் கடிதத்தின் மூன்றாம் வரியில் நிற்கிறேன்... உள்ளே இருக்க வேண்டிய ஒரு சிறு ஊசி தயாரித்தபோதே போடப்படவில்லை, ஆகையால் இந்தப் பூட்டு ஒருநாளும் வேலை செய்திருக்காது, இப்போது போட்டிருக்கிறோம், வருந்துகிறோம். ஒருநாளுமா? வாசித்துச் சொல்லட்டுமா என்று, திருத்தி வந்த சாமானை எடுத்துத் தந்த கடைக்காரி கேட்டாள், வேண்டாம் என்றேன், என்ன வீறாப்போ... மடியில் சாப்பாட்டுப் பை, அதற்குள் பெட்டி, பெட்டிக்குள் பிஸ்டல், சத்தம் மட்டும் போடுகிற பிஸ்டல், எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகளை ஓடவிட நான் வெடிக்கிறது. வருகிற ஞாயிறு போட்டி. வெடிப்பேனா, மாட்டேனா? செயலாளர் சபாரத்தினம் வெட்டொன்றாகச் சொல்லிவிட்டார், "சிவநாயகி ஓமெண்டால் எனக்கும் ஓம் அண்ணை. இல்லையெண்டால் விசிலை ஊதுங்கோ, உங்கடை வெடியைக் கேட்டுத்தான் பிள்ளையளுக்குக் கால் முளைக்கிறதே?"

விசிலா... தொண்ணூற்றாறில் முதல் போட்டிக்கு நானும் கூட்டாளி லோறன்சும் விடிய எழும்பிப் போய் ஈரப் புல்லில் கோதுமை மாவால் கோடு போட்டோம், புறாக்கள் வந்து மூன்றாம் கோட்டைத் தின்றுவிட்டன, லோறன்ஸ் சப்பாத்தைக் கழற்றி எறிந்து எறிந்து கலைத்தான், பிளாஸ்கில் தேத்தண்ணி, இன்னும் சூடு ஆறாத பற்றீஸ், வருசம் முழுக்க ஊரார் கந்தோர்த் தரைகளைத் துடைத்துக் கூனின முதுகு அந்த ஒருநாள் நிமிரும். "மச்சான், நான் கத்தினால் சிரிக்குதுகள், நீ வெடிச்சால் ஓடுதுகள், துவக்குக்குத்தானடா மரியாதை" என்பான், லண்டனுக்குப் போய் நாலு வருசம், அங்கே யாருக்குக் கோடு போடுகிறானோ... ஆனால் துவக்கு என்றால் எங்கள் சனத்துக்கு நெஞ்சு ஒருமுறை நின்றுதான் அடிக்கும். அதனால்தான் அந்தப் பழக்கத்தைத் தொடங்கினேன், முதல் ஓட்டத்துக்கு முன்னால், கயிற்றோரம் நிற்கிற தாய் தகப்பன் எல்லோருக்கும் முன்னால் நடந்து, பிஸ்டலை வானத்துக்குப் பிடித்து, பெருவிரலால் பூட்டைத் தள்ளிக் காட்டுவது, "பாருங்கோ, பூட்டியிருக்கு, பயப்பிடாதேங்கோ." வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போகும், நல்ல சாமான் என்று நினைத்தேன். முகங்கள் ஒவ்வொன்றாக இளகும். பதினொரு வருசம்... அந்த முகங்களுக்காகத்தான் போனேனோ, ஓட்டத்துக்காக இல்லையோ?

போன வருசம் சிவநாயகி வன்னியிலிருந்து வந்து அவளுக்கு முதல் போட்டி, மகள் நிருஜாவை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள், பூட்டைக் காட்டியும் நடுக்கம் போகவில்லை. இரங்கினேன், அதுதான் பிழை, ஒருநாளும் செய்யாத வேலை, "இஞ்சை பாருங்கோ தங்கச்சி, அமத்தினாலும் வெடியாது" என்று விசையை அமத்தினேன்... வெடித்தது. புகை போனபோது அவள் புல்லில் கிடந்தாள், பிள்ளைக்கு மேலே. பிறகு எழும்பி, பிள்ளையின் சட்டையில் ஒட்டின புல்லைத் தட்டிவிட்டு, கோபமே இல்லாமல், "பூட்டியிருக்கெண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்" என்றாள். கிழவன் பூட்ட மறந்துபோனான் என்று சனம் கதைத்தது, மொப்பைப் பிழிகிறபோதெல்லாம் அவள் குரல் கேட்க, நானும் பாதி நம்பிவிட்டேன். பிஸ்டலைத் தொழிற்சாலைக்கு அனுப்பவைத்தது என் மகள் சோபிகா, "படிவத்தை நான் நிரப்புறன் அப்பா, நீங்கள் கையெழுத்தை மட்டும் கோணாமல் போடுங்கோ."

இந்தா, பதில். பிழை என்னில் இல்லை. குரூரூட் போய்விட்டது, அடுத்தது ரொம்சோஸ், சிவநாயகி வீடு அங்கேதான், இறங்கிக் கடிதத்தை நீட்டினால் முடிந்தது, நெஞ்சு லேசாக வேண்டியதுதானே, ஏன் ஆகவில்லை? பைக்குள் கையை விட்டு, பெட்டியைத் திறந்து, பெருவிரலால் பூட்டைத் தள்ளுகிறேன். டக். விரல் நோகிற இறுக்கம், பதினொரு வருசத்தில் ஒருநாளும் கேட்காத சத்தம்... அப்படியென்றால் அந்த முகங்கள் எதைப் பார்த்து இளகின? இல்லாத ஊசியையா, என் வாயையா? இவளுக்குக் காட்டினால் அவர்கள் எல்லோருக்கும் காட்ட வேண்டாமா?

கதவு திறந்தது, இறங்கினேன், மலையைக் குடைந்த நிலையம், ரயில் போனபிறகு குளிர்காற்று மட்டும். இந்தமுறை உண்மையாகவே பூட்டியிருக்கிறது. "பாருங்கோ" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "பூட்டியிருக்கு" என்பதை விட்டுவிட்டு, கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிவழிப் பக்கம் நடந்தேன்.