தும்பிக்கைக்குள் போன வெளிச்சம்

ஒரு பச்சை வெளிச்சம் எனக்கு முன்னால் ஏறி இறங்கிப் போகிறது, அதற்குக் கீழே அன்னக்கொடி இருக்கிறாள், என் மனைவி, கையில் துணிப்பை, சாயங்காலக் கடைசி பஸ்ஸைப் பிடித்து அம்மா வீட்டுக்குப் போகிறவள், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவள், காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, நான் வாயைத் திறந்தால் பொய்யாம், உன் பேராச்சும் நெசமாய்யா என்று கேட்டுவிட்டாள், தேயிலைக்காட்டில் டார்ச் அடித்தால் ஆனைக்குக் கோபம் வரும், அதனால் எங்கள் எஸ்டேட்டில் பொழுது சாய்ந்து நடக்கிறவர்கள் முன்னால் போகிறவரின் தலையில் ஒரு மின்மினியைச் செருகிவிட்டு அதைப் பார்த்தே பின்னால் போவார்கள், சண்டையானாலும் வழக்கம் வழக்கம்தான், அவள் நின்று கொண்டையைக் கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை.

மின்மினியில்தான் எத்தனை சாதி, செடிமேல் இரண்டு வெட்டு மின்னிவிட்டு மூச்சுவாங்குவது, மரம் முழுக்க ஒன்றாய் எரிந்து ஒன்றாய் அணைவது, நத்தையைத் தின்றுகொண்டே ஒளிர்கிற புழு, செருகுவதற்கு வெட்டுகிற சாதியைத்தான் எடுக்க வேண்டும், எனக்கோ அவசரம், புல்லோரம் இறக்கையில்லாமல் படுத்து அணையாமல் எரிந்துகொண்டிருந்த பெட்டையைச் செருகிவிட்டேன், திரும்பி வரும்போது ஆகும் என்று இன்னொன்றைக் காப்பி இலையில் சுருட்டிச் சட்டைப்பையிலும் போட்டுக்கொண்டேன், பெட்டை எரிவது ஆண்களை அழைக்க என்பது, ஓடை வளைவில் அவை வந்து இறங்கத் தொடங்கியபோதுதான் புத்தியில் உறைக்கிறது, ஒன்று, நாலு, பிறகு மழை, அவள் கொண்டை திருவிழாச் சப்பரம்போல எரிகிறது, அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன், அவளுக்கு எதிரே பாதையை அடைத்துக்கொண்டு ஆனை, கனவில் வரும்போது சில நாள் அது நீலமாக இருக்கிறது, அன்றைக்குக் கறுப்புதான், நனைந்த சாக்கு வாடை, காதாட்டுவதை நிறுத்திவிட்டது, காது நின்றால் ஆனை முடிவெடுக்கிறது என்று அர்த்தம்.

அசையாதே, அது ஒண்ணும் செய்யாது என்றேன், பொய் சொல்லாதய்யா என்கிறாள், உதடு மட்டும் அசைய, கண் ஆனையிலேயே இருக்கிறது, முந்தானையை மெதுவா கொண்டைமேல போடு புள்ள, இந்த ஒரு தடவை நம்பு என்கிறேன், அவள் கை மேலே போவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது, போட்டாள், அணைந்தாள், நான் பையிலிருந்த பெட்டையை எடுத்து உள்ளங்கையில் தூக்கிப் பிடித்தேன், அத்தனை வெளிச்சமும் அவளை விட்டு என்னிடம் வருகிறது, பின்னாலேயே ஆனையும் அவளைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வருகிறது, ஓடுடி என்றேன், ஓடவில்லை, ஈரத் தரையில் வேர்விட்டவள்போல நிற்கிறாள், தும்பிக்கை நீண்டு என் மணிக்கட்டை முகர்ந்து, நிதானமாக, மூக்குப்பொடி போடுகிறவரைப்போல ஒரே இழுப்பு.

அவ்வளவும் உள்ளே போய்விட்டது, என் கை இருட்டு, ஆனால் தும்பிக்கை மடிப்பு மடிப்பாக உள்ளிருந்து பச்சையாக எரிகிறது, மூங்கில் குழாய்க்குள் விளக்கு வைத்ததுபோல, ஆனை மாறுகண் போட்டு அதையே பார்த்தது, ஒரு தும்மல் போட்டுவிட்டு, வெட்கப்பட்டதுபோல ஓடையில் இறங்கிப் போயே போய்விட்டது, வெகுதூரம் வரை அந்த எரிகிற துண்டு மட்டும் மரங்களுக்கிடையில் ஆடிக்கொண்டே போகிறது.

பஸ் போயிருக்கும் என்றாள் அன்னக்கொடி.

திரும்பி வந்தோம், எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ரோசம்மா, என்னக்கா போனவ வந்துட்ட என்று சிரித்தாள், அன்னக்கொடி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள், சப்பரம், காது, தும்பிக்கை உள்ளே எரிந்தது, தும்மல், ரோசம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள், தொத்திக்கிச்சா உனக்கும் என்றாள், அன்னக்கொடிக்கு முகம் சிவந்துவிட்டது, துணிப்பையை வீட்டுக்குள் எறிந்துவிட்டு என் சட்டையைப் பிடித்து முன்னால் இழுக்கிறாள், நீ சொல்லுய்யா இவகிட்ட, சொல்லு, என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லு.