பன்னிரண்டரை சதவீத மேதாவி

என் வீட்டுக்காரர் முரளிக்கு வராத வேலை இரண்டே இரண்டுதான். ஒன்று, காஸ் சிலிண்டர் மாட்டுவது. இன்னொன்று, வாயை மூடிக்கொண்டிருப்பது. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறார். புத்தூரிலிருந்து போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் வேனில் போனைப் பார்த்துப் பார்த்தே போன வருஷம் முதலீட்டு நிபுணர் ஆகிவிட்டார்.

பங்குச் சந்தை சூதாட்டமாம். தங்கம் பொம்பளைகளின் பைத்தியமாம். பேங்க் டெபாசிட் தூங்குமூஞ்சிகளுக்காம். விவரம் தெரிந்தவன் பாண்டு வாங்குவானாம்.

"பாண்டுன்னா இன்னா? கம்பெனிக்கு நாம கடன் குடுக்கிறோம். சொன்ன தேதிக்கு சொன்ன வட்டி போடுவான். கடைசில அசலத் திருப்பிக் குடுத்துருவான். இதுல பயப்பட இன்னா கீது?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே பாடம் எடுப்பார். அப்போது அவர் பேரில் இருந்த மொத்தச் சேமிப்பு பதினோராயிரம் ரூபாய்.

வாய்ச்சவடாலோடு போயிருந்தால் தேவலை. வெதுருகுப்பத்தில் இருக்கும் அவர் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் செல்லியம்மாவுக்குக் கோர்ட்டிலிருந்து எட்டு லட்சம் வந்தது. லாரி மோதிச் செத்துப்போன கணவர் ரங்கையாவுக்கான நஷ்டஈடு. அந்தப் பணம் எதற்கு என்பதில் அண்ணிக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் இருந்ததில்லை. அவர்கள் வம்சத்தில் யார் பேரிலும் ஒரு சென்ட் நிலம் இருந்தது கிடையாது. பதினொரு வருஷமாக ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட்டு வந்தார். நிலத்துக்காரர் நாகபூஷணம் திருப்பதியில் இருக்கிறார். பங்காளி வழக்கு வருகிற உகாதிக்குள் முடிந்துவிடும், அப்போது எட்டு லட்சத்தோடு வந்தால் நிலத்தை அண்ணிக்கே எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். மகள் கல்யாணம் இருப்பதால் அதற்குமேல் காத்திருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஒரு வருஷம் பணத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பேங்கில் போடலாமா என்று கேட்கத்தான் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். மேதாவி விடுவாரா?

"ஏழு பர்சென்ட்ட வச்சிக்கினு இன்னா பண்ணப்போற? இவன் பன்னெண்டரை தரான். மாசாமாசம் வட்டி. ரிஜிஸ்டர் செலவு அதுலயே வந்துரும்" என்று போனை நீட்டினார். சென்னையில் ஏதோ ஒரு பைனான்ஸ் கம்பெனி.

அண்ணி எழுத்துக்கூட்டிப் படித்தார். "மூணு வருசம்னு போட்டுக்கீதே. எனக்கு உகாதிக்கு வேணுமேடா."

"எப்ப வேணும்னாலும் வித்துக்கலாம்க்கா. ஏமி காது, ஒண்ணும் ஆவாது."

"விக்கிறதுன்னா வாங்க ஒருத்தன் வரணுமில்ல?"

மூன்றாம் வகுப்போடு நின்ற அக்கா கேட்ட கேள்விக்கு, பி.காம். படித்த தம்பி சிரித்தார். அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற ரூபா?"

நானும் ஸ்ரீசிட்டியில்தான் வேலை பார்க்கிறேன், வேறொரு கம்பெனியில். எங்கள் பஸ்ஸில் வரும் இருபது பெண்களை வைத்து ஏலச்சீட்டு நடத்துகிறேன். ஆளுக்கு ஐயாயிரம், மாதம் ஒரு லட்சம். யார் அதிகமாக விட்டுக்கொடுக்கிறாளோ அவளுக்கு அந்த மாதச் சீட்டு. ஒருத்தி முப்பதாயிரத்தை விட்டுவிட்டு எழுபதாயிரம் போதும் என்கிறாள் என்றால், அவளுக்குக் கழுத்தில் கத்தி என்று அர்த்தம். இரண்டு பேர் ஜாமீன் போடாமல் அவள் கையில் பணம் தரமாட்டேன். பேங்க் ஏழு கொடுக்கும்போது பன்னிரண்டரை கொடுக்கிறேன் என்று வருகிறவனும் அவளைப் போலத்தான். குறைந்த வட்டிக்குக் கேட்டால் அவனுக்கு யாரும் கொடுப்பதில்லை. எனக்கு இது அந்த நிமிஷமே தெரிந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிற சாக்கில் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வருஷமாக "உனக்கு இன்னா தெரியும்" என்று கேட்டே என் வாயை அடைத்த மனுஷன், ஒரு தடவையாவது குப்புற விழட்டும் என்று நினைத்தேன். விழுந்தால் யார் மேல் விழுவார் என்று யோசிக்கவில்லை.

நான்கு மாதம் வட்டி டாண் என்று வந்தது. மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். பணம் அக்காவுடையது, பீற்றல் தம்பியுடையது. ஒவ்வொரு மாதமும் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். வேனில் முன்சீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தார்களாம்.

ஐந்தாம் மாதம் வட்டி வரவில்லை. சர்வர் கோளாறு என்றார். ஆறாம் மாதம் கம்பெனியின் ரேட்டிங்கைத் தரையில் தள்ளிவிட்டதாகச் செய்தி வந்தது. விற்கலாம் என்று போனார். நூறு ரூபாய்க்கு வாங்கிய பாண்டு அறுபத்தொன்று என்று காட்டியது. அந்த அறுபத்தொன்றுக்கும் வாங்க ஒருத்தன் இல்லை. மேதாவி அன்றைக்கு இரண்டு தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார்.

உகாதி வந்தது. நாகபூஷணம் கூடுதலாகப் பத்து நாள் பொறுத்தார். பிறகு திருப்பதியில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றுவிட்டார். புது முதலாளி குத்தகைக்கு விடவில்லை. மேஸ்திரி வைத்துக் கூலிக்கு ஆள் விடுகிறார்.

போன வாரம் நாங்கள் இருவரும் வெதுருகுப்பம் போனோம். வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி தான் பதினொரு வருஷம் பயிர் வைத்த அதே ஏக்கரில், நானூறு ரூபாய் கூலிக்குக் குனிந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வரப்புக்கு வந்தார். முரளி ஆரம்பித்தார். கம்பெனி மேல் கேஸ் நடக்கிறதாம், நூற்றுக்கு முப்பதோ முப்பத்தைந்தோ வருமாம், அதற்கும் மூன்று வருஷம் ஆகலாமாம். அண்ணி கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"சரிடா. துன்னியா?" என்றார் தம்பியிடம். பிறகு என் கையைப் பிடித்தார். "அவன் சொல்லச் சொல்ல எனக்கு சந்தேகந்தான் ரூபா. அன்னிக்கு உன் மூஞ்சத்தான் பாத்துக்கினு இருந்தேன். சீட்டு நடத்துறவ, காசு விசயம் தெரிஞ்சவ. தப்பாருந்தா சொல்லிருப்பியே. நீ ஒண்ணும் சொல்லல. அதான் குடுத்தேன்."

குறை சொல்கிற குரலே இல்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி இருந்தது. செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. மேஸ்திரி கூப்பிட்டதும் அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

வரப்பில் நடக்கும்போது முரளி அழுதார். "ஒனக்கு அன்னிக்கே தெரிஞ்சிதா?" என்று கேட்டார். அவரைத் திட்ட நூறு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

"தெரியும்" என்றேன்.