நைனாவின் கப்பல் நோட்டு

ஃபிஜித் தீவின் தலைநகர் சூவாவில், பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய ஆவணங்களுக்கென்று ஓர் அறை இருந்தது. பதினேழு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டவள் சரோஜ். நூலகம் ஒரு மரக்கொட்டகையில் தொடங்கிய காலத்தில், பாதிரிமார் விட்டுப்போன பைபிள்களும் கடல் வரைபடங்களும்தான் அதன் மொத்தச் சொத்து. அப்புறம் ஃபிஜி மொழிப் பத்திரிகைகள், சமோவாப் பாட்டுப் புத்தகங்கள், கரும்புத் தோட்டங்களின் ஆள் பதிவேடுகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1979இல், இந்தியாவிலிருந்து முதல் கூலிக் கப்பல் வந்த நூறாவது வருஷத்தைக் கொண்டாடியபோது, சரோஜே பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் வீடுகளில் கிடந்த காகிதங்களைக் கேட்டு வாங்கினாள்.

"வீட்டுல வெச்சா கரையான் தின்னும். புயல்ல போயிடும். எங்ககிட்ட குடுத்தா என்னிக்கும் இருக்கும்" என்று எல்லாரிடமும் சொன்னாள். சொன்னதை நம்பவும் செய்தாள்.

1987 மே மாதம், இந்திய வம்சாவளியினர் நிறைந்த அரசைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. செப்டம்பரில் மறுபடியும் பிடித்தது. இரண்டுக்கும் நடுவில் நூலகத்தில் ஒன்பது பேரில் ஐந்து பேர் ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பிவிட்டார்கள். கீழ்த்தளத்து ஏசியைப் பழுது பார்க்கத் தெரிந்த நரேந்திராவும் ஜூலையிலேயே சிட்னிக்குப் போய்விட்டான். செப்டம்பர் கடைசியில் ஏசி நின்றபோது வளாகமே மூடிக் கிடந்தது. சரோஜ் இரண்டு தடவை வாசல்வரை போனாள். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் அவள் காட்டிய அடையாள அட்டையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போ என்று கையை அசைத்தான். சூவாவில் அந்த வாரமெல்லாம் மழை.

நவம்பரில் நூலகம் திறந்தது. அன்று காலையே பொன்சாமி வந்து நின்றார். தீவின் வடக்கே ரக்கிரக்கி ஊர்க்காரர், அறுபத்தைந்து வயது, கரும்பு விவசாயி. விடியுமுன் பஸ் ஏறியிருக்கிறார். சட்டைக் காலர் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னத் தெரியுதாம்மா? எங்க நைனா எழுதின நோட்டு. நீதான் வந்து வாங்கிக்கினு போன."

சரோஜுக்கு நினைவிருந்தது. கப்பலில் தன்னோடு வந்தவர்கள் எல்லாருடைய பேரையும் ஊரையும் அவருடைய அப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். யார் எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள், யார் எப்போது செத்தார்கள் என்பதும் அதில் இருந்தது. நூலகத்தில் தமிழ் படிக்க ஆள் இல்லை. சரோஜுக்கே வீட்டில் கேட்டுப் பழகிய பேச்சுதான், எழுத்துத் தெரியாது. அதனால் எட்டு வருஷமாக அட்டவணையில் "தமிழ்க் கையெழுத்து நோட்டு, ஒன்று" என்பதற்கு மேல் ஒரு வரி ஏறவில்லை.

"வியாழக்கெழம பிளேன்ம்மா. பையன் கனடாவுக்குக் கூப்ட்டுக்கினான். இனிமே திரும்ப மாட்டேன். எங்கம்மா எந்த ஊருன்னு அதுல கீது. அந்த ஒரு பக்கத்த மட்டும் எழுதிக்கினு போறேன். நாலு மணி பஸ்ஸுக்குப் போயாவணும்."

"வாங்க மாமா" என்றாள் சரோஜ். கதவைத் திறக்கும்போதே அவளுக்கு வாடை அடித்தது. விளக்கைப் போட்டாள். அலமாரி அலமாரியாகப் பூஞ்சை. தோல் அட்டைகள் மேல் சாம்பல் நிற மயிர் முளைத்திருந்தது. மேலே குழாய் ஒழுகி, நோட்டுகள் இருந்த மூலையில் தரையெல்லாம் தண்ணீர்.

நோட்டு அதன் பெட்டிக்குள்ளேயே ஊறிக் கிடந்தது. ஊதாப் பென்சிலால் எழுதியது. தண்ணீர் பட்டால் அந்த எழுத்து கரையும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கத்திரிப்பூ நிறத்தில் ஒரே கட்டியாகிவிட்டது.

பொன்சாமி குனிந்து, பெட்டி ஓரத்துத் தண்ணீரைத் தன் கைக்குட்டையால் ஒற்றினார். அதுதான் சரோஜைக் கொன்றது.

உடன் வேலை பார்த்த இவா, இந்தியர்கள் நிறைந்த லம்பாசா ஊரில் வளர்ந்த ஃபிஜி இனத்துப் பெண், உறிஞ்சுதாளும், தாள் பிரிக்கும் மெல்லிய எலும்புக் கத்தியும் கொண்டுவந்தாள். "இதைக் குளிர்பெட்டியில் உறையவைத்து, மாசக் கணக்கில் மெல்ல காயவைக்க வேண்டும், சரோஜ். இப்போது பிரித்தால் கிழியும்" என்று ஹிந்தியில் சொன்னாள்.

சரோஜ் அதைப் பொன்சாமியிடம் தமிழில் சொன்னாள்.

"எத்தினி மாசம்?"

"தெரியல மாமா. ஆறோ, எட்டோ."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பிரி" என்றார்.

மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்தார்கள். இவா கத்தியை நுழைத்தாள். சரோஜ் தாளைப் பிடித்தாள். பொன்சாமி கண்ணாடியை மூக்கில் இறக்கி, தெரிந்ததைப் படித்தார். "முனியம்மா, செய்யாறு... கோயிந்தன், போளூர்... இது தெரியல... தொப்புளான், அப்பன் பேரு அழிஞ்சிபோச்சி." அவர் சொல்லச் சொல்ல சரோஜ் ஆங்கில எழுத்தில் எழுதினாள். சில தாள் வந்தது. சில தாள் பாதியில் கிழிந்து, மறுபாதி அடுத்த தாளோடு போனது. மூன்று மணிக்குள் பதினொரு பேர் கிடைத்தார்கள். நோட்டில் இருநூறு பேருக்கு மேல் உண்டு என்றார் பொன்சாமி. அவருடைய அம்மா பேர் நடுப்பக்கத்தில். அங்கே கத்தி போகவே இல்லை.

"உங்களுக்கு நெனவு இல்லியா மாமா? சின்ன வயசுல சொல்லியிருப்பாங்களே."

"நோட்டுல கீதேன்னு மனசுல வெக்கலம்மா."

சரோஜ் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றாள். நூலக விதியை மீறி அந்தக் கட்டியை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடலாமா என்று யோசித்தாள். ஈர நோட்டு கனடா போய்ச் சேருமா? விமான நிலையத்திலேயே பூஞ்சை என்று பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். கொடுத்தாலும் போகும், வைத்துக்கொண்டாலும் போகும். "எடுத்துக்கினு போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பொன்சாமி அதைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். "வாணாம். உங்கிட்டயே இருக்கட்டும். காஞ்சா லெட்டர் போடு" என்று சொல்லி, மகனின் விலாசத்தைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

நோட்டை மீன் ஆராய்ச்சிக் கூடத்தின் குளிர்பெட்டியில் ஓர் ஓரமாக வைக்க இடம் கேட்டு வாங்கினாள். பிப்ரவரியில் அவளுக்கும் கணவன் மகேந்திராவுக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போக அனுமதி வந்தது. பிள்ளைகளின் படிப்பை வைத்து மகேந்திரா பேசியபோது அவள் சரி என்றாள். இவாவிடம் சாவியைக் கொடுத்து, "அதை மட்டும் பார்த்துக்கொள்" என்றாள். இவா தலையாட்டினாள்.

ஆக்லாந்தில் சரோஜுக்கு ஒரு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. அக்டோபரில் இவாவிடமிருந்து உறை வந்தது. ஏப்ரலில் நான்கு நாள் மின்சாரம் போனதாம். கூடத்துக்காரர்கள் கெட்டுப்போன மீனோடு எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டார்களாம். தனக்கு மறுநாள்தான் தெரிந்ததாம். இதை எழுத ஆறு மாசம் தைரியம் வரவில்லை என்று எழுதியிருந்தாள். அதோடு நூலக விலாசத்துக்கு வந்த ஒரு கனடா கடிதத்தையும் வைத்திருந்தாள். முழுக்கத் தமிழில் இருந்தது.

அதைச் சரோஜ் மூன்று நாள் பையிலேயே வைத்துத் திரிந்தாள். நான்காம் நாள், வார்டில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

"சுகமாக இருக்கிறாராம். அங்கே பனி கொட்டுதாம். நோட்டு காய்ந்ததா, அம்மா ஊர் தெரிந்ததா எண்டு கேட்கிறார்" என்றாள் நர்ஸ். "நீங்கள் சொல்லுங்கோ, பதிலை நான் தமிழில் எழுதித் தாறன்."

சரோஜ் சரிந்த துணிகளை வண்டிக்குள் அமுக்கினாள்.

"இன்னும் ஈரமாத்தான் இருக்குன்னு எழுதுங்க" என்றாள்.